வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஹீட்டர்: சூட்டை எங்கிருந்து எடுப்பது?

9,000 அடியில் பின் இருக்கையிலிருந்து தம்பியின் குரல் ஹெட்செட்டில் வந்தது. “அண்ணா, பாதம் இருக்கா இல்லையான்னே தெரியல.” கிளம்பும்போது தரையில் 8 டிகிரி. 1,000 அடி ஏற ஏற ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்ற கணக்குப்படி வெளியே அப்போது மைனஸ் 10. நான் முன்னால், எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், கண்ணாடிக் கூரை வழியாக வெயிலும் விழுந்தது, அதனால் ஓரளவு சமாளித்துவிட்டேன். இறங்கியதும் அவன் ஷூவைக் கழற்றி, கால் விரல்களை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான். இந்த விமானத்துக்கு ஹீட்டர் போட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எந்த ஹீட்டர் என்று முடிவு செய்யத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது, அதனால் படித்தது, அளந்தது, கழற்றிப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 100 குதிரைத்திறன் அளவிலான எஞ்சின் க்ரூஸில், அதாவது ஏறி முடித்துச் சீராகப் பறக்கும்போது, மணிக்கு 20 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூல், அப்படியென்றால் மொத்தம் 175 கிலோவாட்டுக்கும் மேல். இதில் ப்ரொப்பெல்லரைச் சுற்றுவதற்குப் போவது கால் பங்கை ஒட்டி. மிச்சமெல்லாம் எக்ஸாஸ்ட் வழியாகவும் சிலிண்டர் துடுப்புகள் வழியாகவும் ஆயில் வழியாகவும் வெளியே போகிறது. இரண்டு பேர் உட்காரும் சின்ன கேபினைக் கதகதப்பாக்க 2 கிலோவாட் இருந்தால் நன்றாகவே போதும். கவுலுக்குள், அதாவது எஞ்சினை மூடியிருக்கும் கூட்டுக்குள், கொட்டிக்கிடக்கும் சூட்டில் அது ஒரு கைப்பிடி அளவுதான்.

ஆகவே சூடு கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். அந்தச் சூட்டோடு கூடவே வேறு என்னென்ன கேபினுக்குள் வரும், அந்த அமைப்பில் ஏதாவது உடைந்தால் என்ன உள்ளே கொட்டும் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். நான் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன். எது அதிகச் சூடு தரும் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தப்பான இடத்தில் போய் நிற்க நேரும்.

ஹீட்டருக்கு முன்னால் ஓட்டைகளை அடையுங்கள். இதைப் பெரும்பாலோர் கடைசியாகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவு, ஏனென்றால் வளைந்த கண்ணாடிக் கூரையின் மேல் காற்று வேகமாக ஓடி அதன் விளிம்புகள் வழியாக உள்ளே இருப்பதை உறிஞ்சுகிறது. அப்படிப் போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வர வேண்டுமே, அது இறக்கையும் உடலும் சேரும் இடத்திலிருந்து, எய்லரானை (இறக்கை ஓரத்தில் அசையும் மடல்) அசைக்கும் புஷ்ராட் கம்பி நுழையும் துளையிலிருந்து, ஃப்ளாப் கம்பி வரும் பிளவிலிருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக வால் பகுதியிலிருந்து முன்னோக்கி வருகிறது. முதுகுப் பக்கம் சில்லென்று இருப்பதற்கு இதுதான் காரணம். பின்னாலிருந்து காற்று வரும் என்றால் முதலில் நம்ப முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சாண் நீளக் கம்பளி நூலை ஒரு குச்சி முனையில் ஒட்டிக்கொண்டு, கூட ஒருவரை ஓட்டச் சொல்லி, மூலை மூலையாகக் காட்டிப் பாருங்கள். சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் வால் பக்கம் போகும் கேபிள்களுக்காக ஒரு துளை உண்டு, கட்டைவிரல் நுழையும் அளவுதான். அதன் பக்கம் நூலைக் கொண்டுபோனதும் அது நேராக முன்னால் நீட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது. எய்லரான் புஷ்ராட் துளைகளிலும் அதே கதைதான். அந்தத் துளைகளுக்கு மெல்லிய துணியில் சிலிக்கான் தடவிய உறை தைத்து மாட்டினேன், கம்பி முழு அசைவுக்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஸ்டிக்கை நாலு மூலைக்கும் தள்ளிப் பல தடவை பார்த்தேன். இதில் அவசரம் கூடாது, குளிரை அடைக்கப் போய் கன்ட்ரோல் சிக்கிக்கொண்டால் அது தனி ஆபத்து. பின் தடுப்புக்கு ரப்பர் க்ராமெட், கூரை விளிம்புக்கு நுரை ரப்பர் பட்டை. மொத்தச் செலவு அற்பம், எடை கூடியது அரைக் கிலோகூட இல்லை. அடுத்த முறை ஏறியபோது ஹீட்டரே இல்லாமல் உள்ளே கண்கூடாக வித்தியாசம் தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸாஸ்ட் குழாய் வாய் விமானத்தின் அடிவயிற்றில்தான் முடிகிறது, அந்தப் புகை வயிற்றோடு ஒட்டிப் பின்னால் ஓடுகிறது. வால் பகுதியிலோ அடித்தகட்டிலோ ஓட்டை இருந்தால் ஹீட்டரே இல்லாத விமானத்திலும் புகை உள்ளே வரும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காற்று வெளியேற வழியே வைக்காவிட்டால் ஹீட்டரிலிருந்து சூடான காற்றும் உள்ளே வராது. தெரிந்தே ஒரு வெளியேறும் வழி இருக்க வேண்டும்.

சரி, இனி சூடு. காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் எஞ்சின், அதாவது லைகமிங், கான்டினென்டல் மாதிரி வகைகள் வைத்திருப்பவர்களுக்கு முதல் தேர்வாக வருவது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை போடுவது. ஹீட் மஃப் என்று சொல்வார்கள். எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஓர் உருளை, ஒரு முனையில் காற்று நுழைய 5 சென்டிமீட்டர் குழல், மறு முனையில் வெளியேற இன்னொன்று. சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டிலிருந்து அழுத்தமான காற்றை ஹோஸ் வழியாகக் கொடுத்தால், உள்ளே 700 டிகிரிக்குப் பக்கம் புகை ஓடும் குழாயைத் தடவிக்கொண்டு போய் அது சூடாகி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் ஃபயர்வாலுக்கு வருகிறது. 5 சென்டிமீட்டர் ஹோஸில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று ஓடினால் நொடிக்கு சுமார் 30 லிட்டர். அதை 60 டிகிரி ஏற்றினாலே 2 கிலோவாட்டை ஒட்டி வந்துவிடும். எடை ஹோஸ், வால்வு எல்லாம் சேர்த்தே ஒன்றரைக் கிலோ போல. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, கரன்ட் வேண்டாம். எளிமை என்றால் இதுதான் எளிமை.

வெறும் உறையாகப் போட்டால் காற்று வழுவழு குழாயைத் தொட்டும் தொடாமலும் ஓடிப்போய்விடும், வெதுவெதுப்புதான் மிஞ்சும். அதற்குப் பலர் செய்வது, நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங்கை எக்ஸாஸ்ட் குழாயின் மேல் சுற்றிவிடுவது. காற்று அதில் மோதிக் கலங்கி, அதிகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. நானும் செய்தேன். ஸ்பிரிங் இல்லாமல் வாய்ப்பகுதியில் 38 டிகிரி காட்டிய இடத்தில் சுற்றிய பிறகு 60-ஐத் தாண்டியது. ஆனால் ஸ்பிரிங் அதிர்ந்து அதிர்ந்து குழாயைத் தேய்க்கும், ஆகவே வருடாவருடம் உறையைக் கழற்றித் தேய்மானம் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

உறை செய்யும்போது கவனிக்க வேண்டியவை சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். உறைக்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. ஸ்லிப் ஜாயின்ட், பால் ஜாயின்ட், ஃப்ளாஞ்ச், முடிந்தால் வெல்டிங் கூட வேண்டாம். நேரான, ஒரே துண்டான குழாய்ப் பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இணைப்புகள் கசியத்தான் செய்யும், கசிவது கவுலுக்குள் போனால் பரவாயில்லை, உறைக்குள் கசிந்தால் நேராக உங்கள் மூக்குக்கு. அடுத்தது, 30 சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் சூடேறும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். உறையின் இரண்டு முனையையும் குழாயோடு இறுக்கிக் கட்டினால் ஏதோ ஒன்று கிழியும். ஒரு முனையை மட்டும் இறுக்கி மறு முனை நழுவ விடுங்கள்.

அப்புறம் வால்வு. ஹீட்டர் வேண்டாம் என்று மூடும்போது காற்றோட்டத்தையே நிறுத்தக் கூடாது, அந்தச் சூடான காற்று கவுலுக்குள்ளேயே வெளியேறும்படி வால்வு திருப்பிவிட வேண்டும். ஓட்டம் நின்றால் உறைக்குள் குழாய் வெந்து சீக்கிரம் விரிசல் விடும், உறை அலுமினியமாக இருந்தால் அதுவும் தளர்ந்துவிடும். வால்வு எதில் செய்தது என்பது இன்னும் முக்கியம். ஃபயர்வால் எதற்கு இருக்கிறது? எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் சிறிது நேரம் தடுத்து நிறுத்த. சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதி சொன்ன அளவு 1,100 டிகிரியை ஒட்டிய தீயை 15 நிமிடம் தாங்குவது, 0.38 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு இருந்தால் சோதனையில்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஃபயர்வாலில் 5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு அதை அலுமினிய வால்வால் மூடினால், 660 டிகிரியில் அது உருகி ஓடிவிடும், பிறகு தீ உங்கள் முழங்காலைப் பார்த்து வரும். வீட்டில் கட்டும் விமானத்துக்கு அந்த விதி கட்டாயமில்லாமல் இருக்கலாம், தீக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஸ்டெயின்லெஸ் வால்வே போடுங்கள், கேபிள் அறுந்தால் தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் வையுங்கள். ஹோஸிலும் இதே கதைதான், கறுப்பு நியோப்ரீன் வகை சுமார் 150 டிகிரி வரைதான் தாங்கும். உறையிலிருந்து வெளியே வரும் பக்கத்துக்கு ஆரஞ்சு-சிவப்பு நிறத்தில் வரும் சிலிக்கான் வகைதான் சரி, அது 290 டிகிரி வரை போகும்.

இனி கார்பன் மோனாக்சைடு. இதில் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் அதிகமாகக் கலந்த ரிச் கலவையில் எக்ஸாஸ்ட் புகையில் 100-க்கு 5 பங்குக்கு மேல்கூட இந்த வாயு இருக்கும். 1,000 லிட்டர் காற்றில் அந்தப் புகை ஒரே ஒரு லிட்டர் கலந்தால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. சான்றிதழ் விமானங்களுக்கு வைத்த உச்ச வரம்பே அதுதான், 20,000-ல் ஒரு பங்கு. நம் ஹோஸில் 1,000 லிட்டர் காற்று ஓட அரை நிமிடம்தான் ஆகிறது. அதாவது உறைக்குள் இருக்கும் ஒரு மயிரிழை விரிசலில் அரை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் போதும், வரம்பைத் தொட்டாயிற்று. இந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, நல்ல காற்றுக்கு வந்த பிறகும் பாதி வெளியேறவே 4, 5 மணி நேரம் ஆகும். தலைவலி, மந்தம், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள், சாதாரண ஆக்ஸிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே எண்ணி 98 என்று காட்டும்.

2019 ஜனவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு விமானத்தை நினைத்துப் பாருங்கள், கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்தது அதில்தான். அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 சதவீத ஹீமோகுளோபினைப் பிடித்திருந்தது. எக்ஸாஸ்ட் அமைப்பிலிருந்து கசிந்த வாயு விமானியையும் பாதித்திருக்கலாம் என்றே பிரிட்டன் விசாரணை அமைப்பு முடிவுக்கு வந்தது. எச்சரிக்கை ஒலி எழுப்பும் டிடெக்டர் அந்த விமானத்தில் இல்லை. அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவை என்று 31 விபத்துகளை எண்ணியிருக்கிறது. 42 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த 31-ல் ஒன்றில் மட்டும்தான் டிடெக்டர் இருந்தது.

எனக்கும் நடந்தது. உறை போட்டு இரண்டாவது குளிர்காலம், ஏறிக்கொண்டிருந்தபோது எப்போதும் 0 காட்டும் டிடெக்டர் 12 என்றது, பிறகு 28. தலைவலி இல்லை, எதுவும் இல்லை. ஹீட்டரை மூடினேன், வெளிக்காற்று வரும் வென்ட் இரண்டையும் முழுக்கத் திறந்தேன், எண் இறங்கியது, திரும்பி வந்து தரையிறங்கினேன். உறையைக் கழற்றினால் குழாயின் மேல் ஒரு இடத்தில் மட்டும் சாம்பல் வெள்ளையில் மெல்லிய கோடு, பொடி தூவினாற்போல். விரலால் துடைத்தால் கோட்டுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத விரிசல், நகம் மட்டும் அதில் இடறியது. 2 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது ஒரு தாங்கியை வெல்டிங் வைத்து ஒட்டிய இடத்தின் ஓரம், உறைக்குள் அந்த வெல்டிங்கை வர விட்டது என் தப்பு. குழாயை மாற்றி, உறையை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் ஒரு சோதனை செய்கிறேன். வாக்குவம் க்ளீனரை ஊதும் பக்கம் திருப்பி, எக்ஸாஸ்ட் வாயில் துணி சுற்றிச் சொருகி, குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஸ்லிப் ஜாயின்டுகளில் கொஞ்சம் வருவது சகஜம், வெறும் குழாயில் ஒரு குமிழியும் வரக் கூடாது. டிடெக்டர் விஷயத்தில், பேனலில் ஒட்டும் பழுப்புப் புள்ளி அட்டையை நம்பி இருக்காதீர்கள். சில மாதத்தில் அதன் ஆயுள் முடியும், சத்தம் போடாது, கறுத்திருக்கிறது என்று கவனிக்க வேண்டிய மூளைதான் அப்போது மந்தமாகிக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரில் மாட்டும் வகையும் போதாது, அவை 70 பிபிஎம்-ல் ஒரு மணி நேரம் கழித்து, ஏன் 4 மணி நேரம் கழித்துக்கூட அலறலாம். எண் காட்டும், குறைந்த அளவிலேயே ஒலிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னதால் உறையே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். விரிசல் எந்த விமானத்திலும் வரும், டிடெக்டர் எந்த ஹீட்டர் இருந்தாலும் வேண்டும்.

ரோட்டாக்ஸ் 912 மாதிரி கூலன்ட் ஓடும் எஞ்சின் இருந்தாலோ, கார் எஞ்சினை மாற்றிப் போட்டிருந்தாலோ கணக்கு மாறுகிறது. கார்களில் இருப்பது போலச் சின்ன ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் குட்டி ரேடியேட்டர்) ஒன்றும் 12 வோல்ட் விசிறி ஒன்றும் வைத்து, கூலன்ட் லைனிலிருந்து ஒரு கிளை எடுத்தால் போதும். எக்ஸாஸ்டைச் சுற்றி வரும் காற்று கேபின் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. 912-ல் மொத்தக் கூலன்டே இரண்டரை லிட்டர் அளவுதான், கோரும் குழாய்களும் சேர்ந்தால் இன்னும் அரை லிட்டர் வரை கூடும், எல்லாம் சேர்ந்து இரண்டு இரண்டரைக் கிலோ. சூடு சீராக இருக்கும், காலுக்குப் பக்கத்தில் கோரை வைத்தால் அருமையான கதகதப்பு.

உடைந்தால் என்ன வரும் என்ற கேள்வியை இதற்கும் கேளுங்கள். 90 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கும் கூலன்ட் கேபினுக்குள் பீறிடும். கண்ணாடி முழுக்கப் பிசுபிசுப்பான ஆவி படிந்து வெளியே தெரியாது, காலில் பட்டால் வெந்துபோகும், அதே நேரம் எஞ்சின் கூலன்டை இழந்துகொண்டிருக்கும். மூன்றும் ஒன்றாக. ஆகவே இரண்டு ஹோஸிலும் ஃபயர்வாலுக்கு எஞ்சின் பக்கம் மூடும் வால்வு வையுங்கள், அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே மூட முடிய வேண்டும். கோருக்குப் பழையது, கழற்றியது என்று எதையும் போடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத அமைப்பில் இன்னொரு சிக்கல், குளிர்காலத்தில் கூலன்டே போதிய சூட்டுக்கு வராது, அதில் கோர் வேறு ஒரு ரேடியேட்டர் போல வேலை செய்து மேலும் இழுத்துவிடும். ரேடியேட்டரின் ஒரு பகுதியைக் குளிர்காலத்துக்கு மறைத்துத்தான் பலரும் சமாளிக்கிறார்கள். கூலன்ட் உள்ளே வரவே வேண்டாம் என்பவர்கள் ரேடியேட்டருக்குப் பின்னால் வெளியேறும் காற்றை ஒரு மடல் வைத்து கேபினுக்குத் திருப்பலாம், மைனஸ் 10-ல் அது சட்டையோடு இருக்கும் அளவுக்குச் சூடு தராது, ஜாக்கெட்டோடு வசதியாக இருக்கலாம்.

ஆயிலிலிருந்து சூடு எடுப்பது கேட்க நன்றாக இருக்கும். எஞ்சின் பின்னால் இருக்கும் விமானங்களில், பர்ட் ருட்டானின் லாங் ஈஸி போன்றவற்றில், எக்ஸாஸ்ட் சூட்டை முன்னால் வரை கொண்டுவருவது கஷ்டம் என்பதால் சிலர் ஆயில் லைனையே முன்பக்கம் இழுத்து அங்கே ஒரு கூலர் வைக்கிறார்கள். லைகமிங் வகைகளில் ஆயில் 85 டிகிரியை எட்டினால்தான் கூலர் பக்கம் வழி முழுதாகத் திறக்கும். கடுங்குளிரில் ஆயில் அந்தச் சூட்டுக்கு வருவதற்கே திணறும், ஆக எப்போது சூடு வேண்டுமோ அப்போதுதான் அது கிடைக்காது. முன் எஞ்சின் விமானத்தில் ஆயில் கூலருக்குப் பின்னால் வரும் காற்றை மட்டும் ஹோஸில் பிடிப்பதும் உண்டு, அதில் கார்பன் மோனாக்சைடு பயம் குறைவு, சூடும் குறைவு. கேபினுக்குள் ஆயில் ஹோஸ் கொண்டுவருவதை நான் செய்ய மாட்டேன். ஹோஸ் கழன்றால் எஞ்சினும் போய், தீப்பிடிக்கும் எண்ணெயும் மடியில்.

சிலிண்டர் துடுப்புகளைத் தாண்டி வரும் காற்றை நேராக உள்ளே விடுவது எல்லாவற்றிலும் மலிவு. 1961 முதல் வந்த ஷெவ்ரலே கோர்வேர் கார்களில் அப்படித்தான் சூடு எடுத்தார்கள், ஆயில் எங்கே கசிந்தாலும் காருக்குள் நாற்றம். விமானத்திலோ எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகள் இருப்பதே அந்தக் காற்றின் பாதையில். வேண்டாம்.

மின்சாரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கேபின் காற்றையே சூடாக்குவது நடக்காது. 12 வோல்டில் ஒன்றரைக் கிலோவாட் என்றால் 125 ஆம்பியர், ரோட்டாக்ஸ் 912-ல் உள்ளேயே இருக்கும் ஜெனரேட்டர் தருவது மொத்தம் 250 வாட்தான். ஆனால் ஆளைச் சூடாக்குவது வேறு விஷயம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் ஹீட்டட் வெஸ்ட் 50, 60 வாட், இருக்கை விரிப்பு இன்னொரு 45. சேர்ந்து 9 ஆம்பியர். நெஞ்சும் முதுகும் சூடாக இருந்தால் கை விரல்களுக்கும் ரத்தம் தாராளமாக ஓடுகிறது, குளிர் பாதி மறந்துவிடும். ஃபயர்வாலில் ஓட்டை இல்லை, புகை இல்லை, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை வெஸ்ட் போக்காது, இரண்டு பேர் மூச்சு விடும் மூடிய கேபினில் அது சின்ன விஷயமில்லை. இரண்டு வெஸ்ட், இரண்டு விரிப்பு என்று போனால் சிறிய ஜெனரேட்டர் தாங்காது, ரேடியோ, ட்ரான்ஸ்பாண்டர், பம்ப் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சூட்டைக் குறைக்கும் மலிவான கன்ட்ரோலர்கள் ரேடியோவில் இரைச்சல் போடும். தனி ஃபியூஸ் வேண்டும், அவசரமாக வெளியே குதிக்கும்போது இழுத்தால் தானே கழன்றுவிடும் ப்ளக்காக இருக்க வேண்டும்.

பெட்ரோலோ டீசலோ எரிக்கும் தனி ஹீட்டர் பெரிய விமானங்களில் உண்டு, இரட்டை எஞ்சின் விமானங்களின் மூக்கில் இருப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டு பேர் விமானத்தில் அதற்கென்று எரிபொருள் லைன், பற்றவைப்பு, தனி எக்ஸாஸ்ட், உயரத்தில் கலவை கெட்டுக் கரி பிடிக்கும் தொல்லை, 5 கிலோ எடை, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு தீ. கூடாரத்தில் வைக்கும் கேஸ் ஹீட்டரை எடுத்து கேபினுக்குள் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், கண்ணாடி முழுக்க அது உறையும். உயரத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும் ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிட்டு, எரிப்பு சரியில்லாமல் கார்பன் மோனாக்சைடையும் கக்கும்.

என்னிடம் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். உங்கள் பயணம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், குளிர் பூஜ்யத்தை ஒட்டி என்றால் ஓட்டைகளை அடைத்து ஒரு வெஸ்ட் வாங்குங்கள், ஃபயர்வாலைத் தொடவே தேவையில்லை. கூலன்ட் எஞ்சின் என்றால் கோர், ஆனால் மூடும் வால்வு இரண்டும் இல்லாமல் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சின், நீண்ட பயணம், கடுங்குளிர் என்றால் உறைதான், ஸ்டெயின்லெஸ் வால்வும் நல்ல டிடெக்டரும் சேர்த்துத்தான் அதன் விலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னால் இருந்தால் மின்சாரம். கார்ப் ஹீட்டுக்கும் (கார்புரேட்டரில் பனி உறையாமல் இருக்கக் கொடுக்கும் சூடு) கேபினுக்கும் ஒரே உறையைப் பகிர நினைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும், கேபின் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போதும் கார்புரேட்டருக்குப் போகும் சூடு குறையக் கூடாது. குறைந்தால் தனித்தனியாகப் போடுங்கள்.

என் விமானத்தில் இப்போது உறையும் இருக்கிறது, பின் இருக்கைக்கு ஒரு விரிப்பும் இருக்கிறது. உறையிலிருந்து வரும் காற்று முன்னால் என் காலிலேயே தீர்ந்துபோய்விடுவதால், இருக்கைக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் பின்னால் வரை ஓட்டினேன், அதைச் சுற்றி நுரை சுற்றாமல் விட்டதில் போகும் வழியிலேயே சூடு பாதி போனது, சுற்றிய பிறகு தம்பியின் பாதத்துக்கு 35 டிகிரி போகிறது. போன வாரம் மைனஸ் 12-ல் ஒன்றரை மணி நேரம் பறந்தோம். கையுறையைக் கழற்றிவிட்டு வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தான். டிடெக்டர் கடைசி வரை 0.